எந்தத் தடுமாற்றத்தை மன்னிக்கிறோம், எதை மன்னிப்பதில்லை? கன்சோல் கேம்களும் நம் பொறுமையும்

வடபழனி வேந்தன் (இழையைத் தொடங்கியவர்)

புது கேம் ஒன்று வெளிவந்த மறுநாளே சண்டை தொடங்கிவிடுகிறது. "ஓடவே இல்லை, காசு தண்டம்" என்று ஒரு சாரார். "எனக்கு நன்றாகத்தான் ஓடுகிறது, நீங்கள் தேடித் தேடிக் குறை கண்டுபிடிக்கிறீர்கள்" என்று மறு சாரார். இரு பக்கமும் அடித்துக்கொண்டு ஓய்கிறார்கள். அடுத்த கேம் வந்ததும் அதே சண்டை. எனக்கு நெடுநாளாக உறுத்தும் கேள்வி வேறு. படம் சீராக ஓடாமல் ஏறத்தாழ ஒரே அளவு தடுமாறும் இரண்டு கேம்களில் ஒன்றைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறோம், மற்றதைத் தூக்கி எறிகிறோம். ஏன்?

டிவியில் இணைத்து ஆடும் சோனியின் கன்சோலான பிளேஸ்டேஷன் 2-இல் 2005-ஆம் ஆண்டு வந்த 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்' கேமை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடம் அளவு உயரமான பூதத்தின் முதுகு மயிரைப் பிடித்துத் தொங்குவோம். அது உடம்பை உதறும். ஆர்1 பட்டனை விட்டால் கீழே விழுந்துவிடுவோம் என்று விரல் வலிக்க வலிக்க அழுத்திக்கொண்டிருப்போம். அந்த நேரத்தில் பல இடங்களில் நொடிக்கு 20 பிரேம்கூட, அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் 20 படங்கள்கூட, வராது. படம் திணறுவதே அந்தப் பூதத்தின் கனம் போலத் தோன்றும். அதன் வேகக் குறைவைச் சொல்பவர்கள்கூட அடுத்த வரியிலேயே அதைப் போன்ற கேம் இன்னொன்று வரவில்லை என்பார்கள்.

2020 டிசம்பர் 10 அன்று 'சைபர்பங்க் 2077' வந்தது. பிளேஸ்டேஷன் 4-இல் கூட்டமான தெருக்களில் அதுவும் 20-க்குக் கீழே இறங்கியது. ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்தே நீக்கிவிட்டு, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. மீண்டும் கடைக்கு வர 2021 ஜூன் 21 ஆனது.

இடைப்பட்ட 15 ஆண்டுகளில் நம் கண் வேகத்துக்குப் பழகிவிட்டது என்பது பாதி பதில்தான். என் கணிப்பு இது: நாம் பிரேமை எண்ணிக் கோபப்படுவதில்லை. வாங்குவதற்கு முன் நமக்கு என்ன சொல்லப்பட்டது என்பதை வைத்துக் கோபப்படுகிறோம். சைபர்பங்க் வெளியீட்டுக்கு முன் விமர்சகர்கள் கைக்குப் போனது கணினிப் பதிப்பு மட்டுமே. பழைய கன்சோல்களில் எப்படி ஓடுகிறது என்பது காட்டப்படவே இல்லை. அப்படிக் காட்டாமல் விட்டதற்கு டிசம்பர் 14 அன்று அந்த நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. மறைத்ததுதான் ஆற்றாமையைக் கிளப்பியது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பெரம்பூர் லோகோ

வேந்தன், உங்கள் கணக்கு ஒரு கேமோடு இடிக்கிறது. 2022 நவம்பர் 18 அன்று நிண்டெண்டோ ஸ்விட்சுக்கு 'போக்கிமான் ஸ்கார்லெட்', 'வயலட்' வந்தன. பத்தடி தள்ளி நடக்கும் மனிதர்கள் பொம்மலாட்டப் பொம்மைபோல விட்டு விட்டு அசைகிறார்கள். சண்டையின்போது கேமரா தரைக்குள் போய்விடுகிறது. ஏரிக்கரையை நெருங்கினால் படம் ஊர்கிறது. அடுத்த மாதத் தொடக்கத்தில் வந்த அப்டேட் குறிப்பிலேயே நிண்டெண்டோ வருத்தம் தெரிவித்தது. ஆனால் முதல் மூன்று நாட்களில் உலகம் முழுவதும் விற்றது 1 கோடி பிரதிகள்.

இதை எந்தக் கடையும் நீக்கவில்லை. ஆகவே சொன்னார்களா மறைத்தார்களா என்பதெல்லாம் நம்மைப் போல் இணையத்தில் வாதாடுபவர்களின் கவலை. வாங்குகிறவர்களுக்குப் பிடித்த கேம் கையில் கிடைத்தால் போதும். நம் பொறுமை எவ்வளவு என்பதை நிறுவனங்கள் விற்பனைக் கணக்கில் படித்துக்கொள்கின்றன, நம் பதிவுகளில் அல்ல.

நங்கநல்லூர் தாய்

லோகோ தம்பி சொன்ன கேமைத்தான் என் மகன் விளையாடுகிறான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் எனக்கே கண் உறுத்துகிறது. தூரத்துக் காற்றாலையின் இறக்கை சுழல்வதற்குப் பதில் துள்ளுகிறது. "ஏன்டா இப்படி ஓடுகிறது?" என்றேன். "எப்படி?" என்று திருப்பிக் கேட்டான். அவன் பார்வை முழுக்கப் புல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதில்தான்.

ஆனால் அவனுக்குப் பொறுமையே இல்லாத இடம் ஒன்று உண்டு. வேறொரு கேமில் ஒரு விடுமுறை முழுக்கக் கட்டிய பண்ணை, ஒரு நாள் திறந்தபோது இல்லை. சேமித்த கோப்பு கெட்டுவிட்டது. அழுதான். அந்த அட்டையை இன்றுவரை செருகவில்லை. படம் திக்குவது வேறு, நம் உழைப்பு காணாமல் போவது வேறு. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வடபழனி வேந்தன்

> முதல் மூன்று நாட்களில் 1 கோடி பிரதிகள்

லோகோ, அந்த 1 கோடி பேரில் பெரும்பாலோர் கேம் எப்படி ஓடும் என்று பார்ப்பதற்கு முன் காசு கொடுத்தவர்கள். முதல் மூன்று நாள் விற்பனை என்பது பழைய கேம்கள் சம்பாதித்துக் கொடுத்த நம்பிக்கை. அதைப் பொறுமை என்று எழுதிக்கொள்வது நிறுவனங்களுக்கு வசதி. நாமும் அதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

நங்கநல்லூர் அக்கா சொன்னது என் மனதில் தைத்தது. 2011-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த 'ஸ்கைரிம்' அப்படிப்பட்டதுதான். எவ்வளவு அதிகமாக விளையாடுகிறோமோ அவ்வளவு சேமிப்புக் கோப்பு பெரிதாகும். பெருத்த பிறகு கேம் ஊரத் தொடங்கும். மேசை மேல் தூக்கிப் போட்ட ஒரு பாத்திரம் எங்கே கிடக்கிறது என்பதைக்கூட நினைவில் வைத்திருக்கும் கேம் அது. பிளேஸ்டேஷன் 3-இல் மொத்த நினைவகமே 512 எம்.பி.; அதுவும் செயலிக்குப் பாதி, படத்துக்குப் பாதி என்று பிரிந்து கிடந்தது. ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதியவருக்கு அந்தக் கோளாறு கண்ணில் பட்டிருக்காது. ஆசை ஆசையாய் ஆடியவனுக்குத்தான் தண்டனை. அதன் கூடுதல் பகுதியான 'டான்கார்டு' விரிவாக்கம் போட்டிக் கன்சோலான எக்ஸ்பாக்ஸில் 2012 கோடையில் வந்துவிட்டது. பிளேஸ்டேஷன் 3 காரர்கள் 2013 பிப்ரவரி வரை காத்திருந்தார்கள்.

ஓ.எம்.ஆர். சோதனையாளர்

சென்னையில் கேம் சோதனை வேலையில் இருப்பவன் நான். எங்கே என்று சொல்ல இயலாது. உள்ளே இருந்து தெரிவதை எழுதுகிறேன்.

நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிநொடி. 30 என்றால் 33.3. அந்த நேரத்துக்குள் உலகத்தில் நடக்கும் எல்லாவற்றையும் கணக்கிட்டு, வரைந்து, திரைக்கு அனுப்பியாக வேண்டும். ஒரு மில்லிநொடி தாமதமானாலும், சாதாரணத் தொலைக்காட்சியில் அந்தப் படம் அடுத்த முறை திரை புதுப்பிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டும். அதைத்தான் திக்கல் என்று உணர்கிறீர்கள்.

இதில் வெளியே தெரியாத ஒரு வேறுபாடு உண்டு. படத்தை வரையும் வரைகலைச் செயலி திணறினால் தீர்வு எளிது. படத்தின் தெளிவைக் கொஞ்சம் குறைத்தால் போதும், கேமே அதைத் தானாகச் செய்துகொள்ளும். மற்றக் கணக்குகளைப் போடும் மையச் செயலி திணறினால் தெளிவைக் குறைத்து எந்தப் பயனும் இல்லை. 2024 மார்ச்சில் வந்த 'டிராகன்ஸ் டாக்மா 2' நல்ல எடுத்துக்காட்டு. காட்டில் சுமாராக ஓடும். பெரிய நகரத்துக்குள் நுழைந்தால் தடுமாறும். கடைக்காரர், காவலர், வழிப்போக்கர் என ஒவ்வொருவரும் எங்கே போகிறார், யார்மீது இடிக்கிறார் என்பதையெல்லாம் மையச் செயலி கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. பணம் கொட்டி வாங்கிய கணினியிலும் அதே நகரத்தில் அதே திணறல் இருந்தது. "தெளிவைக் குறைத்து 60 கொடுத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சில கேம்களில் அந்த வழியே இல்லை.

இன்னொன்று, சராசரி எண் ஏமாற்றும். 2015-இல் வந்த 'பிளட்போர்ன்' பெரும்பாலும் 30-ஐ ஒட்டியே ஓடுகிறது. ஆனாலும் கண்ட்ரோலரின் வலது குச்சியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். தெருவிளக்குகள் ஒரே சீராக நகராமல் இழுத்து இழுத்து நகரும். காரணம், ஒரு பிரேம் 16 மில்லிநொடியில் வருகிறது, அடுத்தது 33, அதற்கடுத்தது 50. கூட்டிப் பார்த்தால் 30 சரியாக வரும். கண்ணுக்குச் சரியாக வராது. அதே கேமை எங்கள் அலுவலகத்தில் கொண்டாடாதவர் இல்லை.

தாம்பரம் மாணவன்

அண்ணா, ஒரு சந்தேகம். ரிச்சி தெருவில் ஒரு கடையில், "சென்னை வெயிலுக்கு கன்சோல் சூடானால் பிரேம் குறையும், அதனால்தான் உனக்குத் திக்குகிறது, இந்தக் கூலிங் ஸ்டாண்டை வாங்கிக்கொள்" என்றார்கள். கத்திரி வெயிலில் எங்கள் அறை உலைபோல் இருக்கும், மொட்டை மாடிக்கு நேர் கீழே. உண்மையா?

ஓ.எம்.ஆர். சோதனையாளர்

தம்பி, பிளேஸ்டேஷன் 5-ஐப் பொறுத்தவரை அது உண்மை அல்ல. கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் சூடு ஏறினால் வேகம் குறையும். அதைப் பார்த்துப் பழகியதால் எல்லாவற்றுக்கும் அப்படியே என்று நினைக்கிறார்கள். பிளேஸ்டேஷன் 5-இலும் செயலியின் வேகம் ஏறி இறங்கும்தான். வரைகலைச் செயலி 2.23 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், மையச் செயலி 3.5 வரை. ஆனால் அது வெப்பத்தைப் பார்த்து மாறுவதில்லை. கேம் எவ்வளவு வேலை கொடுக்கிறது, அதற்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்ற கணக்கைப் பார்த்து மாறுகிறது. ஊட்டியில் இருக்கும் கன்சோலும் தாம்பரத்தில் இருப்பதும் ஒரே இடத்தில் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்தார்கள். அதை வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச் மாத விளக்க உரையில் இதைத் தெளிவாகச் சொன்னார்.

வெயில் வேறு வகையில் கெடுக்கும். அந்தக் கன்சோலுக்குச் சோனி சொல்லும் சுற்றுப்புற வெப்ப வரம்பு 5 முதல் 35 டிகிரி. மே மாதத்தில் நம் ஊர் 40-ஐத் தாண்டுகிறது. உள்வெப்பம் எல்லை மீறினால் திரையில் எச்சரிக்கை வரும், பிறகு அணைந்துவிடும். பிரேம் குறையாது, மொத்தமும் நின்றுவிடும். அலமாரிக்குள் அடைத்து வைக்காதே. பக்கத் தகட்டைக் கழற்றினால் தூசி சேரும் இரண்டு குழிகள் தெரியும். அவற்றை அவ்வப்போது சுத்தம் செய். கூலிங் ஸ்டாண்டுக்குக் கொடுக்கும் காசைச் சேர்த்து வை.

ராயபுரம் 86

பொறுமை பொறுமை என்கிறீர்கள். எங்கள் தலைமுறைக்கு அது பொறுமை என்றே தெரியாது.

9,999 இன் 1 கேட்ரிட்ஜ் போட்டு ஆடிய காலம் நினைவிருக்கிறதா? 'கான்ட்ரா'வில் திரை முழுக்க எதிரிகள் வந்தால் எல்லாம் மெதுவாகும், குண்டுகள் மினுங்கி மினுங்கி மறையும். டிவி ஆன்டெனா கோளாறு என்று நினைத்துத் தட்டுவோம். திரையின் ஒரே கிடைக்கோட்டில் எட்டு உருவங்களுக்கு மேல் அந்த இயந்திரத்தால் வரைய முடியாது என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது. ஒன்பதாவது ஆள் அடியோடு மறைந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒரு பிரேமில் சிலரையும் அடுத்த பிரேமில் மற்றவர்களையும் மாற்றி மாற்றி வரைந்தார்கள். எதிரி எங்கே இருக்கிறான் என்று ஆடுபவனுக்குத் தெரிய வேண்டும் என்ற அக்கறை அதில் இருந்தது. அதனால்தான் அந்த மினுக்கல்மீது எனக்கு இன்றும் கோபம் வரவில்லை.

1978-இல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இதற்கும் மேலே. எதிரிகளைச் சுடச் சுட மிச்சம் இருப்பவை வேகமாக ஓடி வரும் அல்லவா? முதலில் அது திட்டமிட்ட சவால் அல்ல. திரையில் உருவங்கள் குறையக் குறையச் செயலியின் சுமை குறைந்து, தானாக வேகம் கூடியது. அதை உருவாக்கிய நிஷிகாடோ அது நன்றாக இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார்.

பிறகு பர்மா பஜார் காலம். இந்தியா அப்போது பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறை நாடு. அதாவது நொடிக்கு 50 முறை புதுப்பிக்கும் டிவி. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 60-இல் ஓடிய கேம்களில் பல, 50 முறை பதிப்பில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. மேலும் கீழும் கறுப்புப் பட்டை வேறு. 'ஓகரினா ஆஃப் டைம்' 1998-இல் அங்கேயே 20 பிரேம்தான்; பால் பதிப்பில் 17-ஐக்கூடத் தொடவில்லை. எங்களுக்கு ஒப்பிட எதுவும் இல்லை. இசைகூட மெதுவாக ஒலித்தது, அதுவே சரியான வேகம் என்று மனப்பாடம் செய்துகொண்டோம். இன்று ஒரு கேம் வந்த சில மணி நேரத்தில் இரண்டு கன்சோல்களின் படத்தையும் அருகருகே வைத்து, மேலே பிரேம் ஏறி இறங்குவதை வரைகோடு போட்டுக் காட்டிவிடுகிறார்கள். இப்படி அளந்து காட்டும் டிஜிட்டல் ஃபவுண்டரி போன்றவர்கள் வந்த பிறகுதான் ஆடுபவனுக்குப் புகார் சொல்லும் மொழியே கிடைத்தது. "என்னவோ சரியில்லை" என்பது "இந்தப் பாலத்தில் 24-க்கு இறங்குகிறது" என்று ஆனது. அது எனக்கு மகிழ்ச்சி.

திருவான்மியூர் அலை

கொஞ்சம் மறுக்க வேண்டியிருக்கிறது, ராயபுரம் அண்ணா. அந்த வரைகோடு பல பேரின் மகிழ்ச்சியைக் கெடுத்தும் இருக்கிறது. என் நண்பன் நன்றாக ஆடிக்கொண்டிருந்த கேமை ஒரு ஒப்பீட்டுக் காணொளி பார்த்த மாலையிலிருந்து ஆடவில்லை. கேமில் எதுவும் மாறவில்லை. அவன் கண் இப்போது கதையைத் தேடாமல் குறையைத் தேடுகிறது.

மேலும் தொலைக்காட்சியை யாரும் குறிப்பிடவில்லையே. ஓ.எல்.இ.டி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் உடனே நிறம் மாறிவிடும். அதனால் 30 பிரேம் கேம் அதில் அதிகம் துள்ளுவதுபோல் தெரியும். பழைய எல்.சி.டி.யில் மெல்லிய மங்கல் அந்தத் துள்ளலை மூடிவிடும். விலை உயர்ந்த டிவி வாங்கியவருக்கே குறை பெரிதாகத் தெரிகிறது! கிரிக்கெட் பார்க்க வீட்டில் யாரோ போட்டு வைத்த அசைவுச் சீராக்கம் (அசைவை வழவழப்பாகக் காட்டும் டிவி வசதி) அப்படியே கிடந்தால் பட்டனை அழுத்தியதற்கும் கத்தி வீசுவதற்கும் இடையே தாமதம் கூடிவிடும். "கேம் கனமாக இருக்கிறது" என்று எழுதுபவர்களில் எத்தனை பேர் டிவியில் அந்தத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போட்டிருக்கிறார்கள்?

எனக்கு 60 கட்டாயம் இல்லை. ஏற்ற இறக்கம் இல்லாத 30, ஊசலாடும் 50-ஐவிட எவ்வளவோ மேல். 120 ஹெர்ட்ஸ் டிவி (நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் டிவி) உள்ளவர்களுக்கு 40 பிரேம் முறை இருக்கிறது. ஒரு பிரேமுக்கு 25 மில்லிநொடி. இந்த நேரக் கணக்கில் 30-க்கும் 60-க்கும் சரியாக நடுவில். 2021-இல் 'ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' அதைக் கொடுத்தபோதுதான் இப்படி ஒரு நடுவழி உண்டு என்பது கன்சோல் உலகத்துக்கே உறைத்தது.

மயிலைத் தேர்

வேந்தனின் கேள்விக்குள் பணம் இருக்கிறது, அதை எடுத்துப் பேசுவோம். பெரிய நிறுவனத்தின் புது பிளேஸ்டேஷன் 5 கேம் இங்கே ஏறத்தாழ 5,000 ரூபாய். இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 அன்று அறிமுகமானபோது கன்சோலின் விலையே 49,990 ரூபாய்தான். பத்து கேம் வாங்கினால் இன்னொரு கன்சோல்.

கணினியில் ஸ்டீம் கடையில் வாங்கினால் 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், காரணம் கேட்காமல் பணம் திரும்பும். பிளேஸ்டேஷன் கடையிலும் 14 நாள் உண்டு. ஆனால் பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டால், கேமே பழுதாக இருந்தாலொழிய, அந்த உரிமை போய்விடும். பதிவிறக்காமல் கேம் எப்படி ஓடுகிறது என்று யாரால் சொல்ல முடியும்? சைபர்பங்குக்குப் பணம் திரும்பியது விதிவிலக்கு. உலகமே கூச்சல் போட்டதால் கிடைத்தது. ஆகவே கன்சோல்காரர்களின் "சகிப்புத்தன்மை" என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி, திருப்பிக் கொடுக்க வழியில்லாதவன் தன்னைத் தானே தேற்றிக்கொள்வது. இதைச் சொல்லாமல் ரசனை, தலைமுறை என்று பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குக் கொஞ்சம் இடம் தருகிறது. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரமும் அதன் 2(28) பிரிவில் தவறான விளம்பரம் என்ற வரையறைக்குள் வருகிறது. புகாரை நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். ஒரு டிஸ்கிற்காக யாரும் நுகர்வோர் ஆணையத்தின் படி ஏறுவதில்லை என்பது நிறுவனங்களுக்குத் தெரியும். ஒரு முறையாவது யாராவது ஏற வேண்டும்.

பெரம்பூர் லோகோ

மயிலைத் தேர் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் ஒரு வழி இருக்கிறதே. டிஸ்க். நான் இணையக் கடையில் வாங்குவதே இல்லை. வெளியாகி ஆறு மாதம் கழித்துப் பழைய டிஸ்க் பாதி விலைக்குக் கிடைக்கும். அதற்குள் அப்டேட்டுகள் வந்து கேம் ஓரளவு நிமிர்ந்திருக்கும். பிடிக்கவில்லை என்றால் வேறொருவருக்கு விற்றுவிடலாம். பொறுமை என்றால் எனக்கு அதுதான்: காத்திருப்பது.

ராயபுரம் 86

லோகோ தம்பி, அந்த டிஸ்கில் பதிந்திருப்பது முதல் நாள் பதிப்பு. திருத்தம் முழுக்க இணையத்திலிருந்துதான் வர வேண்டும். 40, 50 ஜிபி அப்டேட் என்றால் மாதக் கணக்குப் போட்டு இணையம் பயன்படுத்தும் வீட்டில் அது பெரிய செலவு. பதினைந்து வருடம் கழித்து அந்தச் சர்வர் மூடப்பட்டால் உங்கள் கையில் மிஞ்சுவது பழுதான பதிப்பு மட்டுமே. என் பழைய கேட்ரிட்ஜ் இன்றும் அன்றுபோலவே ஓடுகிறது. இதை யோசித்துப் பாருங்கள்.

வடபழனி வேந்தன்

மயிலைத் தேரின் பதிவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் கணிப்பு அதனால் வலுக்கிறது என்றே நினைக்கிறேன். திருப்பிக் கொடுக்க முடியாது என்னும்போது, வாங்கும் முன் கிடைக்கும் தகவல் மட்டுமே நம் கையில் இருக்கும் ஒரே பிடி.

இரண்டு கேம்களை ஒப்பிடுகிறேன். 'ஸ்டார்ஃபீல்டு' 2023 செப்டம்பர் 6 அன்று வந்தது. எக்ஸ்பாக்ஸில் 30 பிரேம்தான் என்பதை ஜூன் மாதமே அதன் இயக்குநர் டாட் ஹோவர்டு வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். முணுமுணுத்தார்கள், வாதிட்டார்கள், வேண்டாதவர்கள் விலகிக்கொண்டார்கள். வாங்கியவர்கள் தெரிந்தே வாங்கினார்கள். வந்த பிறகு அந்த கேமைப் பற்றி ஆயிரம் குறை சொன்னார்கள். அதில் 30 என்பது முதல் வரிசையில் இல்லை. 2024 மே மாதம் 60 பிரேம் தெரிவும் வந்தது. 'கோதம் நைட்ஸ்' 2022 அக்டோபர் 21 அன்று வந்தது. கன்சோலில் 30 மட்டும்தான், வேறு தெரிவு கிடையாது என்ற செய்தி வெளியீட்டுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்புதான் கசிந்தது, அதுவும் டிஸ்கார்டு அரட்டைத் தளத்தில் ஒரு பதிலாக. முன்பதிவு செய்தவர்கள் கொதித்தார்கள். போதாக்குறைக்கு அந்த 30-உம் நிலையாக இல்லை. எண் ஒன்று. வரவேற்பு வேறு.

நிறுவனங்கள் 60 தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அட்டையின் பின்பக்கத்தில் எத்தனை பேர் ஆடலாம், எவ்வளவு இடம் வேண்டும் என்று அச்சிடுகிறார்களே, அங்கேயே எந்தக் கன்சோலில் எத்தனை பிரேம் என்று ஒரு வரி அச்சிடட்டும் என்று கேட்கிறேன்.

ஓ.எம்.ஆர். சோதனையாளர்

வேந்தன் சார், அந்த ஒரு வரி ஏன் வராது என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன்.

கன்சோல் நிறுவனங்கள் ஒவ்வொரு கேமையும் வெளியிடும் முன் சோதித்துச் சான்றளிக்கின்றன. நின்றுபோகிறதா, சேமிப்பு அழிகிறதா, கண்ட்ரோலரைப் பிடுங்கினால் தானாக நிற்கிறதா என்பவைதான் அதில் முதன்மை. இத்தனை பிரேமுக்குக் கீழே போனால் வெளியிடக் கூடாது என்ற கோடு எதையும் நான் பார்த்ததில்லை. சைபர்பங்க் சான்று பெற்றது எப்படி என்று முதலீட்டாளர்கள் கேட்டபோது, வெளியீட்டுக்குள் சரிசெய்துவிடுவோம் என்று நம்பி விட்டிருப்பார்கள் என்ற பொருளில்தான் அந்த நிறுவனத்தின் நிர்வாகியே பதில் சொன்னார்.

எங்கள் மேசையில் நடப்பது இது. ஒரு மலைப்பாதை. மழை பெய்யும்போது குதிரையில் வளைவைத் திரும்பினால் ஒவ்வொரு முறையும் 22-க்கு இறங்கும். காணொளி எடுத்து, இடத்தின் ஆயத்தொலைவு போட்டு, எந்தக் கன்சோல் என்று குறித்துப் புகார் பதிவேன். "தெரிந்த குறை, வெளியீட்டுக்குத் தடையில்லை" என்று திரும்பி வரும். அதைச் சரிசெய்யத் தெரிந்த பொறியாளர் அன்று இரவு கேமையே நிறுத்திவிடும் வேறொரு பிழையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். தேதி அறிவித்தாகிவிட்டது. அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. தேதியைக் குறித்தவர்மீது உண்டு. இணையத்தில் "சோம்பேறிகள்" என்று எழுதுபவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: நாங்கள் அந்த வளைவைப் பார்த்தோம். எழுதி வைத்தோம்.

நங்கநல்லூர் தாய்

தம்பி, நீங்கள் எழுதியதை மகனிடம் படித்துக் காட்டினேன். "அந்த அண்ணாவிடம் சேமிப்பு அழியும் பிழையை முதலில் பார்க்கச் சொல், குதிரை மெதுவாகப் போனால் பரவாயில்லை" என்றான். எழுதச் சொன்னான், எழுதிவிட்டேன்.

தாம்பரம் மாணவன்

எல்லோருக்கும் நன்றி. என்னிடம் இருப்பது பிளேஸ்டேஷன் 5, சாதாரண 60 ஹெர்ட்ஸ் டிவி. இனி ஒரு கேம் வாங்கும் முன் எதைப் பார்ப்பது? 'எல்டன் ரிங்' வாங்கலாம் என்று இருக்கிறேன், அதில் பிரேம் ஏறி இறங்குகிறது என்கிறார்களே.

திருவான்மியூர் அலை

முதலில் டிவியில் கேம் மோட். பிறகு கன்சோலின் அமைப்புகளில் 'கேம் ப்ரீசெட்' என்ற பகுதி இருக்கும். அதில் செயல்திறன் முறையைத் தெரிவு செய்துவிட்டால், அதை ஏற்கும் கேம்கள் தாமாகவே அந்த முறையில் தொடங்கும். ஒப்பீட்டுக் காணொளி பார்ப்பதானால் உன் கன்சோலின் படத்தை மட்டும் பார், தொடக்கப் பகுதியைவிடப் பிற்பகுதி நகரங்களைக் காட்டும் காணொளியைத் தேடு. வி.ஆர்.ஆர். (கேமின் வேகத்துக்கு ஏற்ப டிவி தன் புதுப்பிப்பை மாற்றிக்கொள்ளும் வசதி) இருந்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதே. உன் டிவியில் அது இருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் பிளேஸ்டேஷன் 5-இல் 48-க்குக் கீழே போனால் பெரும்பாலும் உதவாது.

ஓ.எம்.ஆர். சோதனையாளர்

எல்டன் ரிங்குக்கு ஒரு வழி இருக்கிறது, தம்பி. பிளேஸ்டேஷன் 5 பதிப்பு 60-ஐ எட்ட முயன்று 40-களிலும் 50-களிலும் அலைகிறது. பிளேஸ்டேஷன் 4 பதிப்பை அதே பிளேஸ்டேஷன் 5-இல் நிறுவினால் புல்லும் நிழலும் கொஞ்சம் குறையும், ஆனால் 60-ஐப் பெரும்பாலும் விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரே விலையில் இரண்டு பதிப்பும் கிடைக்கும். கடைப் பக்கத்தில் கேமின் பெயருக்கு அருகே உள்ள மூன்று புள்ளியை அழுத்தி எந்தப் பதிப்பு வேண்டும் என்று தெரிவு செய். தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள். பழைய பதிப்பில் சேமித்ததைப் புதியதற்குக் கொண்டுபோகலாம், புதியதிலிருந்து பழையதற்குத் திரும்ப முடியாது.